உப்புப் பாத்தியில் இறக்கிய கம்பிகள்

முகாமுக்குப் போகும் வழியில், அனுமந்தைக்கு இன்னும் ஒன்றரை மணி நேர நடை இருந்தது. மரக்காணம் உப்பளத்தைவிட்டுக் கிளம்பும்போது கால் கழுவவில்லை. கணுக்கால் வரை அப்பியிருந்த சேறு வெயிலில் காய்ந்து, வெள்ளையாக வெடித்து, நடக்க நடக்கத் தோலைப் பிடித்து இழுத்தது. இந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. நடந்து போகிறவனைக் கண்டால், முன்பின் தெரியாதவனாக இருந்தாலும், "எங்க போறீங்க?" என்று கேட்பார்கள். அன்று மூன்று பேர் கேட்டார்கள். இளநீர் வெட்டுகிறவர் ஒருவர், மீன் கூடையைத் தலையில் வைத்துப் போன ஒரு பெண், பாலத்துச் சுவரில் உட்கார்ந்து பீடி புகைத்தவர் ஒருவர். "சும்மா, இப்படித்தான்" என்று சொன்னால் போதும், தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். இலங்கையில் எங்கள் பூநகரிப் பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். "எங்கையிருந்து வாறியள்?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. வருகிறவனுக்குப் பின்னால் என்ன வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால்தானே நாமும் மூட்டையைக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். ஒன்பது வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறேன். "எங்க போறீங்க" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒரு கணம் வாய் அடைத்துப்போகிறது.

கனடாவுக்கும் நோர்வேக்கும் போனவர்கள் பனியைப் பற்றியும் புரியாத மொழியைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் பார்த்த வெளிநாடு ஒரு இரவுப் படகுப் பயணத்துக்கு அப்பால் இருப்பது. தமிழ் பேசுகிற நாடு. இங்கே கடையில் கதைத்தால் நான் சொல்வதெல்லாம் அவர்களுக்கு விளங்கும், நான் யார் என்பதும் சேர்த்தே விளங்கிவிடும். அதனால் வெளியே குறைவாகப் பேசப் பழகினேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒரு இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். மண்டபம் அகதி முகாமிலிருந்து இங்கே சவுக்குத் தோப்புக்குள் இருக்கும் முகாமுக்கு மாற்றினார்கள். இங்கிருந்து திருப்பூருக்கு, பிறகு கேரளத்துக் கல்குவாரிக்கு, பிறகு ஒரு மீன் ஐஸ் கம்பெனிக்கு என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்வந்தேன். அப்படிப் போன ஒரு தடவை முகாம் பதிவேட்டில் என் பெயரை வெட்டிவிட்டார்கள். என் மனைவி ரஞ்சினி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி அதைத் திரும்ப ஏற்ற ஒரு வருடம் ஆனது. பெயரை ஏற்றிய நாளில் அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவ போலீஸ்கிட்டருந்து உன்னப் பத்தி ஏதாவது வந்துச்சு, பூட்டு போட்ட கேம்ப்புக்குப் போயிடுவே. பொண்டாட்டி புள்ளைங்க இங்க, நீ அங்க. புரியுதா?" எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து காலை ஆறுக்கு வெளியே போய் மாலை ஆறுக்குள் திரும்பிவிடும் வேலைகளை மட்டும் தேடினேன்.

உப்பளத்து வேலை அப்படி வந்ததுதான். கடல் உள்ளே புகுந்த வருடத்தில் சேறு படிந்து, அதற்குப் பிறகு உப்பு விளையாமல் கிடந்த சில பாத்திகள் அங்கே இருந்தன. இரண்டாயிரத்து ஆறு தை மாதம் முடிந்த சமயத்தில், கிளியனூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண் ஒருத்தி அந்தப் பாத்திகளைக் கேட்டு வாங்கி வானத்தை அளக்க வந்திருந்தாள். பெயர் வாசுகி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. பதினாறு சவுக்குக் கம்பம் நட வேண்டும், செம்புக் கம்பி கட்ட வேண்டும், பகலெல்லாம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பளத்து ஆட்களுக்கு உப்பு வாருகிற பருவம் தொடங்கியிருந்ததால், முகாமில் வந்து ஆள் கேட்டாள். நான் போனேன்.

தொலைநோக்கி என்றதும் நான் பெரிய குழாயும் கண்ணாடியும் என்று நினைத்திருந்தேன். அங்கே இருந்தது துணி காயப்போடும் கொடி போன்ற ஒன்று. ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலிருந்தும் நான்கு கம்பிகள் கூரைச் சாய்வாக இறங்கும். எல்லாக் கம்பத்திலிருந்தும் கேபிள் வந்து ஒரு பச்சை இரும்புப் பெட்டியில் சேரும். பக்கத்தில் ஒரு லாரி பேட்டரி. அவ்வளவுதான். வெகுதூரத்து விண்மீன் திரள்களிலிருந்து வெளிச்சம் வருவதுபோலவே வானொலி அலையும் வருகிறதாம். அதில் தாழ்ந்த அலைவரிசையில் வருவதைப் பிடிக்க இப்படிப்பட்ட கம்பிகளே போதுமாம். உப்புச் சேறு அலைகளைக் கண்ணாடிபோல் மேலே திருப்பி அனுப்பும், அதனால்தான் இந்த இடத்தைத் தேடி வந்தேன் என்றாள். உப்பு விளையாத பாத்தியாலும் ஒரு பயன் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

கம்பிகளைத் திருப்ப வேண்டாம், அசைக்க வேண்டாம். பூமி சுற்றுகிறது, வானம் தானாகவே தலைக்கு மேல் நகர்ந்துபோகும். போகிற திரள்களையெல்லாம் பெட்டி எழுதிக்கொள்ளும். ஒரு நாள் எழுதியதில் நாலைந்துதான் தெரியும். நாற்பது நாள் எழுதியதை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டினால், மங்கலானவையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. நாற்பது நாளும் கம்பங்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒரு சாண் நகர்ந்தாலும் முன்னால் எழுதியதோடு பின்னால் எழுதியது சேராது. "இந்த நாப்பது நாள்தான் அண்ணே என் டிகிரி. எங்கப்பா கல்லக்கா போட்ட காசுல படிக்கிறேன், ரெண்டாவது தடவ கேக்க முடியாது" என்றாள். நிலக்கடலையை அவர்கள் கல்லக்கா என்பார்கள்.

முதல் நாள் நான் கம்பி கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கம்பியும் கயிறும் சேரும் இடத்தில் நான் ஒரு உடைந்த போத்தல் கழுத்தைக் கோத்துக் கட்டியிருந்தேன்.

"ஏரியல் கட்டத் தெரியுமா அண்ணே உங்களுக்கு?"

"தெரியாதுங்க. சும்மா ஒரு அடைப்புக்கு வச்சன்."

அது பொய். கம்பியில் வரும் அலை கயிற்றில் கசியாமலிருக்கத்தான் அந்தப் போத்தல் கழுத்து. எங்கள் பக்கத்தில் மின்சாரம் இல்லாமல், பெட்டரி வரத்தும் இல்லாமல் வருடக்கணக்கில் இருந்திருக்கிறோம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் செய்தி கேட்போம். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும். பனை உச்சிக்குக் கம்பி கொண்டு போவது என் வேலை. கம்பியை ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் எனக்குப் பெயர் இருந்தது. வாகனச் சத்தம் கேட்டால், அது தெரு முடக்கு திரும்பி வருவதற்குள் கம்பி சுருண்டு, ரேடியோ பெட்டி சாக்கில் சுற்றிக் கிணற்றடிச் சேற்றுக்குள் இருக்க வேண்டும். வருகிறவர்கள் எந்தச் சீருடை என்று பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம். மரத்தில் கம்பி தொங்கிய ஒரே காரணத்துக்காகக் கூட்டிப்போகப்பட்ட மனிதர் ஒருவர் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார். திரும்பி வரவில்லை. இந்தக் கரையிலும் அகதிக்கு ஏரியல் கட்டத் தெரியும் என்பது நல்ல பெயர் இல்லை. அதனால் தெரியாது என்றேன்.

நாட்கள் நன்றாகவே போயின. அவளுடைய திரள்களிலேயே சத்தம் பெரியது அன்னப்பறவை என்ற விண்மீன் கூட்டம் இருக்கும் பக்கத்தில் இருப்பது. நாங்கள் அதை அன்னம் என்றே சொன்னோம். அதிலிருந்து புறப்பட்ட அலை இங்கே வந்து சேர அறுபது கோடி வருடத்துக்கு மேல் ஆகிறதாம். பட்டப்பகலில்தான் அது எங்கள் தலையைக் கடந்தது. முதல் வாரத்தில் காலை பத்தேகாலுக்குக் கடந்தது, பிறகு ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தி வந்தது. அது சரியாக வந்தால் கம்பிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். மடிக்கணினியில் ஒரு கோடு மெல்ல அலையாகி, பெருத்து, மறுபடி சிறுத்து அடங்கும். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு தரம் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வரும் சத்தம், விடாமல்.

பக்கத்துப் பாத்தி நாகப்பனுடையது. குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறவர். வாய்க்கால் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்ற அவரிடம் ஒரு பழைய மண்ணெண்ணெய் இஞ்சின் இருந்தது. அதன் பிளக்கில் பொறி தட்டும்போதெல்லாம் கணினியில் கோடு கிறுக்கலாகிவிடும். அன்னம் கடக்கும் ஒரு மணி நேரம் மட்டும் இஞ்சினை நிறுத்தும்படி வாசுகி கேட்டாள். முதலில் முறைத்தார். பிறகு அவருக்கே அது விளையாட்டாகிவிட்டது. தினமும் வரப்பில் நின்று கத்துவார்:

"ஏம்பா சிலோனு, உங்க அன்னம் போயிடுச்சா? இஞ்சின போடலாமா?"

"இன்னும் பத்து நிமிசம் அண்ண."

"நேத்து இந்நேரத்துக்குப் போயிடுச்சேப்பா!"

"நேற்று நாலு நிமிசம் பிந்தித்தான் போனது. கொஞ்சம் பொறுங்கோ, இண்டைக்குப் போயிடும்."

"வருதோ போவுதோ, நேரத்துக்கு வருதுப்பா. நம்ம திண்டிவனம் பஸ்ஸ உட இது பரவால்ல."

முப்பத்தோராம் நாள் வாசுகி பேட்டரி மாற்ற மரக்காணம் ஊருக்குள் போயிருந்தாள். அன்னம் கடந்து நாலைந்து மணி நேரமாகியிருக்கும். நான் தனியாக இருந்தேன். சாலையிலிருந்து உப்பளத்துக்குள் வரும் மண் தடத்தில் ஒரு ஜீப் திரும்பியதைப் பார்த்தேன். போலீஸ் ஜீப். அந்தத் தடம் பாத்திகளைச் சுற்றி வளைந்து வரும். எங்களிடம் வந்துசேரக் கால் மணி நேரமாவது ஆகும். அந்த மாதங்களில் அக்கரையில் மறுபடி சண்டை மூளும்போல இருந்தது, படகுகள் திரும்ப வரத் தொடங்கியிருந்தன, முகாமில் யார் யார் எங்கே வேலைக்குப் போகிறோம் என்று இரண்டு தடவை விசாரித்திருந்தார்கள். இதையெல்லாம் நான் இப்போது எழுதும்போது சேர்க்கிறேன். அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. என் பெயர் மறுபடி வெட்டப்படும் என்ற ஒன்றைத் தவிர.

அனுமதிக் கடிதம் இருந்தது. அதன் ஒரு நகல் காவல் நிலையத்திலேயே இருந்தது. வாசுகி அதை முதல் நாளே எனக்குக் காட்டியிருந்தாள். நான் சும்மா நின்றிருந்தால் போதும். ஆனால் என் கை அதற்குள் முதல் கம்பத்தின் முடிச்சை அவிழ்த்துவிட்டது. கம்பத்தைச் சாய்த்து, கம்பியை முழங்கையில் சுற்றி, அடுத்ததுக்கு ஓடினேன். அந்தப் பக்கத்து வரப்பிலிருந்து நாகப்பன் கையை ஆட்டி ஏதோ கத்தினார். எனக்குக் கேட்டது இஞ்சின் சத்தம் மட்டும். பதினாறையும் சாய்த்தேன். கேபிள்களைப் பிடுங்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நாகப்பனின் உப்புத் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறக்கி, மேலே சேற்றை அள்ளிப்போட்டேன். ஜீப் வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. பூநகரியில்கூட நான் அவ்வளவு வேகமாகச் செய்ததில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார். கையில் தொப்பி. கூட ஒரு கான்ஸ்டபிள். சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

"எங்கய்யா மேடம்? நட்சத்திரம் சத்தம் போடுமாமே, வந்து கேளுங்க சார்னு ஸ்டேஷனுக்கு வந்து கூப்ட்டுட்டுப் போனாங்க. வாரண்ட் கேஸ் ஒண்ணு இந்தப் பக்கம், அப்படியே..." பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே கிடந்த கம்பங்களைப் பார்த்தார். "என்னாய்யா இது? நேத்து ரோட்லருந்து பாத்தேன், வரிசையா நின்னுச்சே."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ கேம்ப் ஆளா?"

"ஓம்... ஆமாங்க சார்."

"மிஷின் எங்க?"

நான் வாய்க்கால் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. என் முழங்கையைப் பார்த்தார். கம்பி அதில் இன்னும் சுற்றியிருந்தது.

"நான் வர்றதப் பாத்துக் கழட்டுனியா?" குரலை உயர்த்தவில்லை. "சொல்லுய்யா. பாத்துட்டுத்தான கழட்டுன? பேரு என்னா?"

கான்ஸ்டபிள் சட்டைப்பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்தார். நான் பெயரைச் சொன்னேன். முகாம் எண்ணைச் சொன்னேன். அவர் எழுதத் தொடங்கியபோது வாசுகியின் டிவிஎஸ் வண்டி வரப்பில் வந்து நின்றது. அவள் முதலில் கம்பங்களைப் பார்த்தாள். பிறகு பெட்டி இருந்த இடத்தை. பிறகு என்னை. பிறகு கான்ஸ்டபிள் கையிலிருந்த நோட்டை. வண்டியின் பின்னால் கட்டியிருந்த பேட்டரியைக்கூட அவிழ்க்காமல் நேராக வந்தாள்.

"சாரி சார். நான்தான் கழட்டச் சொன்னேன். வேல முடிஞ்சிருச்சு."

"இன்னும் ஒம்பது நாள் இருக்குதுன்னு லெட்டர்ல இருக்குதேம்மா?"

"சீக்கிரமா முடிஞ்சிருச்சு சார். போன் பண்ணிச் சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். உங்கள வீணா அலைய வச்சிட்டேன்."

அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடைசியில் கான்ஸ்டபிளிடம், "அடிச்சிடுய்யா அத" என்றார். அவளிடம், "அப்ப பர்மிஷன் முடிஞ்சிருச்சுன்னு நான் எழுதிடறேன். இனிமே இங்க ஒரு கம்பி நிக்கக் கூடாது, சரியா? டைம் சரியில்லம்மா" என்றார். அவள் சரி என்றாள். ஜீப் திரும்பிப் போனது.

பிறகு அவள் பெட்டி எங்கே என்று கேட்டாள். நான் வாய்க்காலில் இறங்கித் தூக்கினேன். மூலைகளிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகியது. அதற்குள் இருந்ததில் கடைசிப் பன்னிரண்டு நாள் எழுதியது வேறெங்கும் எடுத்து வைக்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் எடுத்துவிடுகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மிச்சம் பத்தொன்பது நாள். அதில் டிகிரி வராது. அவள் வரப்பில் உட்கார்ந்தாள். நாகப்பன் இஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார்.

"எஸ்.ஐ.யக் கூப்ட்டிருக்கேன்னு பாப்பா சொல்லிச்சு. அவருதாம்பா நட்சத்திரம் கேக்க வர்றாருன்னு கத்துனேனே. ஜீப்பப் பாத்ததும் கத்துனேனே! காதுல உழல?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, குனிந்து பெட்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார்.

"எதுக்கு அண்ணே?" என்றாள் வாசுகி. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

சைக்கிளையும் பனையையும் கிணற்றடியையும் அந்த வரப்பில் நின்று எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? "எனக்கு ஏரியல் கட்டத் தெரியும். முதல் நாள் பொய் சொன்னனான்" என்றேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. அவள் எழுந்து கம்பங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். எங்கள் புரொபசர் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எதுவும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்ற மாதிரி ஏதோ சொன்னாள். பிறகு, "உங்களுக்கு ஆறு மணிக்குள்ள போவணும்ல. கெளம்புங்க அண்ணே" என்றாள். கம்பங்களை அடுக்கிக் கட்ட உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பேருந்துக்கு நிற்கவில்லை. நிற்கிற பொறுமை இல்லை. நடந்தேன்.

முகாமுக்கு ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ரஞ்சினி கால்களைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். பெயர் எழுதியதை அடித்துவிட்டார்கள் என்ற இடம் வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். முழுவதையும் கேட்டு முடித்த பிறகு, "அந்தப் பிள்ளை இனி என்ன செய்யும்?" என்றாள். தெரியாது என்றேன். "கேக்கேல்லையோ?" என்றாள். கேட்கவில்லை. ஆறு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். என் பெயரும் வந்தது. இருக்கிறேன் என்று கை தூக்கினேன். அந்தக் கையைத் தூக்கியபோது சந்தோஷம்தான் வந்தது என்பதையும் எழுத வேண்டும்.

மறுநாள் காலை, முகாமில் பெயின்ட் வேலைக்குப் போகிறவர்களோடு போய் நின்றேன். எங்கள் ஆட்களுக்கு இந்தக் கரையெங்கும் பெயின்ட் வேலைதான் நிரந்தரம். மேஸ்திரி ஒருவர் உயரத்தில் ஏறத் தெரிந்தவன் யார் என்று கேட்டார். பனை ஏறுவேன் என்று, இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். தெற்கே பெரிய முதலியார்சாவடிப் பக்கம் கூட்டிப் போனார். சாலை ஓரத்தில் புதிதாக ஒரு செல்போன் கோபுரம் நிறுத்தியிருந்தார்கள். இன்னும் பேசத் தொடங்காத கோபுரம். ஒரு பட்டை சிவப்பு, ஒரு பட்டை வெள்ளை, உச்சிவரை அடிக்க வேண்டும். ஒரு பழைய இஞ்சின் பொறிக்கே கிறுக்கலாகிப்போகும் கோடுகளுக்கு, இப்படி வரிசையாகக் கோபுரங்கள் எழுந்து பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்று வாசுகியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. முப்பத்தோரு நாள் பக்கத்தில் இருந்தவனுக்கு அவ்வளவு தெரியும். சிவப்பு வாளியை இடுப்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஏறினேன்.

பாதிக்கு மேல் போனதும் காற்று பிடித்துக்கொண்டது. கிழக்கே கடல் முழுவதாகத் தெரிந்தது. இந்தக் கரையில் நான் இதுவரை நின்ற இடங்களிலேயே உயரமான இடம் அதுதான். இவ்வளவு உயரத்துக்கு வந்தால் முதலில் எந்தத் திசையைப் பார்ப்பேன் என்று யாராவது கேட்டிருந்தால், தெற்கு, கடல் வளைந்து எங்கள் பூநகரிப் பக்கம் போகும் அந்தத் திசை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் என் கண் வடக்கே போய், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் முகாமின் தார்த்தாள் கூரைகளைத் தேடிக்கொண்டிருந்தது. எல்லாத் தோப்பும் ஒரே மாதிரி இருந்தன. எது எங்களுடையது என்று கடைசிவரை பிடிபடவில்லை. அதற்கும் வடக்கே, வெயில் ஏறிய இடத்தில், வெள்ளையாக ஒன்று மினுங்கியது. உப்பாக இருக்கலாம், வெறும் தண்ணீராகவும் இருக்கலாம்.

"யோவ், மேல என்னாய்யா பண்ற? கையி நிக்குது!" என்று கீழேயிருந்து மேஸ்திரி கத்தினார்.

தூரிகையை வாளிக்குள் விட்டு, வழித்து, முதல் சிவப்புப் பட்டையை இழுக்கத் தொடங்கினேன்.